பட்டணம் பார்க்கப் புறப்படும் முன்



முதன்முறையாகச் சென்னைக்குப் போய்வர எவ்வளவு பணம் வேண்டும் என்று என்னைக் கேட்போர் பலர். எதற்காகப் போகிறோம், எத்தனை நாள் தங்குவோம் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. பின்னைய இரண்டு வினாக்களுக்கும் விடை கண்டுவிட்டால், முன்னைய வினாவின் விடை தானே கிட்டிவிடும்.

இதனை வெறும் பொழுதுபோக்குப் பயணமாக நான் கருதவில்லை. நான் தலைமையாசிரியனாய் இருந்த காலத்தில், நேர்முகத் தேர்வுக்கோ கல்லூரி இடத்துக்கோ சென்னையிலிருந்து அழைப்பு வந்தும், போகாமலே இருந்துவிட்ட பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அவர்கள் அறிவிற் குறைந்தவர் அல்லர். "அவ்வளவு பெரிய ஊர், தெரிந்தவர் ஒருவரும் இல்லை, செலவு எவ்வளவு ஆகுமோ" என்ற மலைப்பே அவர்களைத் தாமிரபரணிக் கரையில் நிறுத்திவிட்டது. ஆதலின், வாய்ப்பு வந்து கதவைத் தட்டுமுன்பே, அவசரம் இல்லாத ஒரு நாளில் பட்டணத்தைக் கண்டு பழகி வருதல் நன்று. அதனைக் கடன்படாமல் செய்யவும் இயலும்.

முதலில் பயணம். அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி சென்று, நெல்லை விரைவு வண்டியில் ஏறினால், ஏறக்குறைய 650 கிலோமீட்டரை இரவிலேயே கடந்துவிடலாம். 2023 முதல் செங்கோட்டை – தாம்பரம் விரைவு வண்டியும் வாரத்தில் சில நாள்கள் நம் அம்பை நிலையம் வழியாகவே செல்கிறது. படுக்கை வசதியுள்ள இரண்டாம் வகுப்புக்கு ஒரு வழிக்கு ஏறக்குறைய 400 ரூபாய் ஆகும். முன்பதிவு இல்லாத பெட்டியில் அதில் பாதி அளவே. 2024 நவம்பர் முதல், புறப்படும் நாளுக்கு 60 நாள் முன்னரே முன்பதிவு தொடங்குகிறது. போகும் சீட்டையும் திரும்பும் சீட்டையும் ஒன்றாகவே பதிவு செய்துவிடுங்கள். திரும்பும் சீட்டு கையில் இருப்பவனுக்குப் பட்டணத்தில் பாதி அச்சம் நீங்கிவிடும். வண்டி எழும்பூர் வரை செல்லுமா, தாம்பரத்திலேயே நின்றுவிடுமா என்பதையும் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவில் பயணம் செய்வதில் மற்றோர் ஆதாயமும் உண்டு. ஓரிரவுத் தங்கும் செலவு மிச்சமாகிறது. வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டு, ஞாயிறு இரவு திரும்பினால், பட்டணத்தில் இரண்டு பகற்பொழுதுகள் கிடைக்கும். வெளியே தங்குவது ஓரிரவு மட்டுமே. அந்த ஓரிரவுக்கு உறவினர் வீடு இருந்தால் முன்னரே எழுதிக் கேட்டுக்கொள்க. சொல்லாமற் போய் நிற்பது முறையன்று. உறவினர் இல்லாதோர், ரயில் நிலையங்களில் பயணிகளுக்கென உள்ள ஓய்வறைகளில் இடம் கிடைக்குமா என்று பயணச்சீட்டு எடுக்கும்போதே பார்க்கலாம்.

அடுத்து உணவு. வீட்டில் கட்டிய புளியோதரை முதல் நாளைக்கு ஆகும். பிறகு, 2013-ல் சென்னையில் தொடங்கப்பட்ட அம்மா உணவகங்களை நினைவிற் கொள்ளுங்கள். தொடங்கியபோது அங்கே ஓர் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். கூலித் தொழிலாளரோடு நின்று உண்பதில் இழிவு ஏதும் இல்லை. சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. தந்தையின் உழைப்பை அறிந்து செலவழிப்பதே சிக்கனம்.

நகருக்குள் சுற்ற வாடகை வண்டி தேவையில்லை. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவுக்கு, 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. எழும்பூர், கோட்டை, மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி எல்லாம் அந்த ஒரே பாதையில் அமைந்தவை. அதற்குக் குறைந்த கட்டணம் ஐந்து ரூபாய். 2015-ல் தொடங்கிய மெட்ரோ ரயிலில் பத்து ரூபாய். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் 2021 முதல் கட்டணமின்றிச் செல்கின்றனர். ஒரு நகரப்படத்தை வாங்கி, இந்த ரயில் பாதையை முதுகெலும்பாகக் கொண்டு, நீங்கள் காண விரும்பும் இடங்களை அதன் இருபுறமும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பகலில் இரண்டு இடங்களுக்கு மேல் வேண்டா. பத்து இடங்களை ஓடி ஓடிப் பார்த்தவன் நினைவில் பேருந்து நெரிசலே எஞ்சும்.

எவற்றைக் காண்பது? நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851-ல் தோன்றியது, எழும்பூர் நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை. மாணவர்க்குக் கட்டணச் சலுகை உண்டு. அடையாள அட்டையை மறவாதீர்கள். நம் தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ என்பவர் அகழ்ந்தெடுத்த வெண்கலக் கலன்களும் இரும்புக் கருவிகளும் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. நாம் அஞ்சும் பட்டணத்தின் நடுவே, நம் ஆற்றங்கரை முன்னோரின் கைவண்ணம் நமக்கு முன்பே சென்று அமர்ந்திருக்கிறது!

அதே வளாகத்தில் 1896-ல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் உள்ளது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் நூல்களில் ஒரு படி அங்கு வந்து சேர வேண்டும். கோட்டூர்புரத்தில் 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்த நூல்களைக் கொண்டுசென்று படிக்கவும் தனி இடம் உண்டு. நாளை போட்டித் தேர்வுக்குப் படிக்க வருவோர்க்கு இது எத்துணைப் பெரிய உதவி என்று எண்ணிப் பாருங்கள்.

மாலையில் மெரினாவுக்குச் செல்லுங்கள். 1968-ல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி நிறுவப்பட்ட சிலைகள் சாலையோரம் வரிசையாய் நிற்கின்றன. எட்டயபுரத்துப் பாரதியார், ஒட்டப்பிடாரத்து வ. உ. சிதம்பரனார், இடையன்குடியில் பல்லாண்டு வாழ்ந்த கால்டுவெல், சாயர்புரத்தில் பணிபுரிந்த போப் ஆகிய நால்வரும் பழைய திருநெல்வேலிச் சீமையோடு உறவுடையவர்கள். அவ்வழியே உள்ள சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் நிறுவப்பட்டது. 1966-ல் மதுரையில் பல்கலைக்கழகம் தோன்றும் வரை, நம் மாவட்டத்துக் கல்லூரி மாணவர்களுக்குப் பட்டம் அளித்தது அதுவே.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாபநாசத்திலும் அம்பைப் படித்துறையிலும் நீந்திப் பழகிய நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் அச்சம் இல்லை. ஆற்று நீர் ஒரு திசையில் ஓடும். மெரினாவின் அலையோ கரைக்குத் தள்ளுவதுபோல் வந்து, அடியிலே உள்ளுக்கு இழுக்கும். நன்கு நீந்துவோரும் அங்கே உயிரிழந்திருக்கின்றனர். கால் நனைப்பதோடு நின்றுவிடுங்கள்.

இன்னும் சில. பணத்தை இரண்டு இடங்களில் பிரித்து வைத்துக்கொள்க. வீட்டின் தொலைபேசி எண்ணைக் காகிதத்திலும் எழுதி வைத்துக்கொள்க. கைபேசி அணைந்துபோகும் நேரமும் உண்டு. வழி கேட்பதானால் காவலரையோ கடைக்காரரையோ கேளுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று தாமாக வந்து பேசுவோரிடம் சான்றிதழையும் பணத்தையும் கொடாதீர்கள். கொண்டுசெல்லும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருங்கள். தொடாமலே அது வீடு திரும்புமானால், உங்கள் திட்டம் நன்று என்று பொருள்.

அன்பர்களே, பட்டணத்தில் விலை கொடுத்து வாங்க வேண்டியவை பல. ஆனால் அருங்காட்சியகமும் நூலகமும் கடற்கரையும் மக்கள் வரிப்பணத்தால் காக்கப்படுபவை. வயலில் நாற்று நடும் உங்கள் தாய் வாங்கும் தீப்பெட்டியிலும் அந்த வரி இருக்கிறது. எனவே அவற்றுள் நுழையும்போது விருந்தாளிபோல் கூச வேண்டா, உரிமையுடையவராய் நுழையுங்கள்.

கட்டிக்கொடுத்த சோறும் கற்றுக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பது பழமொழி. நான் சொன்னதை அப்படியே கொள்ளாமல், இன்றிரவே ஒரு தாளை எடுத்து, காரணம், நாள், வழி, செலவு என நான்கு தலைப்புகள் இட்டு, உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். தாளில் ஒருமுறை சென்று வந்துவிட்டால், சென்னை அத்துணைத் தொலைவில் இல்லை என்பது விளங்கும்.