குதிக்கிறதுக்கு ஒரு டிகிரியா?

(‘மேற்படிப்பைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் பெற்றோரா, பிள்ளைகளா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘பிள்ளைகளே’ என்னும் அணியில் பேசியது)



எதிரணித் தலைவர் கேட்டார், "பிள்ளைக்கு என்னய்யா தெரியும்?" நான் கேக்கிறேன், அப்பனுக்கு என்ன தெரியும்? (சிரிப்பு) இந்த அப்பனுக்கு ஒண்ணும் தெரியலே. அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

என் மகள் பிளஸ் டூ முடிச்சா. "என்னம்மா படிக்கப்போறே?" "எக்சர்சைஸ் பிசியாலஜி, கைனீசியாலஜி." "தமிழ்ல சொல்லு தாயி!" "பயிற்சி செய்யும்போது இதயம், நுரையீரல், தசை எல்லாம் எப்படி வேலை செய்யுதுங்கிறது ஒண்ணு. உடம்பு எப்படி அசையுதுங்கிறது இன்னொண்ணு." நான் சொன்னேன், "குதிக்கிறதுக்கு ஒரு டிகிரியா?" (பலத்த சிரிப்பு)

அவ கோவிச்சுக்கலே. லண்டன் மாடி பஸ் கதை சொன்னா. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்; கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்குவார். ஒரே பஸ், ஒரே ரோடு. இந்த இரண்டு பேரையும் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் ஒப்பிட்டுப் பார்த்து 1953ல் எழுதினார்: இதயநோய் டிரைவர்களுக்கு அதிகம், கண்டக்டர்களுக்குக் குறைவு! "அப்பா, நீங்க டிரைவரா, கண்டக்டரா?" நான் சோபாவிலே சாய்ஞ்சிருந்தேன், நடுவர் அவர்களே! (கைதட்டல்)

"வேலை கிடைக்குமா?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. இதைப் படிச்சா டாக்டர் ஆகமுடியாது. பிசியோதெரபிஸ்ட் ஆகணும்னா அது தனிப்படிப்பு. விசாரிச்சுத்தான் சேரணும். விசாரிக்கிறது அப்பன் கடமை. மறிக்கிறது கடமை இல்லே! இது நேத்து முளைச்ச படிப்பும் இல்லே. சென்னையிலே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி தொடங்கினது 1920ல். உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும்னே தமிழ்நாட்டில் தனிப் பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் வந்தது 2004ல்.

கடைசியா ஒண்ணு. என் அம்மாவுக்கு 74 வயசு. நாற்காலியிலேர்ந்து தானா எழுந்திருக்க முடியலே. டாக்டர் பார்த்துட்டு, "எலும்பு நல்லாத்தான் இருக்கு, தொடைச் சதை வலுவிழந்திருக்கு" என்றார். ராத்திரி யாரையும் எழுப்பக்கூடாதுன்னு, சாயங்காலத்துக்கு மேலே அந்தக் கிழவி தண்ணி குடிக்கிறதையே நிறுத்திட்டா. கூட இருந்த எனக்குத் தெரியலே. காலேஜிலேர்ந்து லீவுக்கு வந்த பேத்திக்குத் தெரிஞ்சுது.

"ஆச்சி, நாற்காலி நுனிக்கு வாங்க. பாதத்தைப் பின்னாலே இழுத்து வைங்க. முன்னாலே குனிங்க. உடம்போட பாரம் பாதத்துக்கு மேலே வந்தாத்தான் எழுந்திருக்கலாம். இப்போ எழுந்திருங்க!" இதுதான் கைனீசியாலஜி! தினமும் கொஞ்சம் கொஞ்சமா எழுந்து உட்காரச் சொன்னா. பழகப் பழகச் சதைக்கு வலு வரும், அது பிசியாலஜி. மூணு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி சமையலறையிலே சத்தம் கேட்டு ஓடினேன். அம்மா தனியா நின்னு தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தா. (நீண்ட கைதட்டல்)

என் சொல்லைக் கேட்டு மகள் வேற படிப்புக்குப் போயிருந்தா, என் தாய் தாகத்தோடதான் படுத்திருப்பா. படிக்கப்போறது பிள்ளை. தீர்மானமும் பிள்ளையுடையதே என்று கூறி, நல்ல தீர்ப்பை வேண்டி அமர்கிறேன்.