அடைப்பில்லாத குடலடைப்பு



வயிறு உப்பினால் விளக்கெண்ணெய் கொடுத்து, வயிற்றை நீவிவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்றிருப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கம் சில வேளைகளில் உயிருக்கே உலை வைத்துவிடும்.

நம் குடல் சுருங்கி விரிந்து உணவை முன்னே தள்ளுகிறது. அதனை இயக்கும் நரம்புகளோ தசைகளோ செயலிழந்தால், கட்டி, முறுக்கு போன்ற தடை ஏதும் இல்லாமலே உணவும் காற்றும் தேங்கிவிடும். இதனையே போலிக் குடலடைப்பு என்கிறோம். பெருங்குடலில் திடீரெனத் தோன்றும் இந்நிலை, 1948ஆம் ஆண்டில் அதுபற்றி எழுதிய பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஓகில்வியின் பெயரால் வழங்குகிறது.

எலும்பு முறிவு, அறுவை, கடும் நோய் ஆகியவற்றால் படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்கே இது பெரும்பாலும் வருகிறது. இரத்தத்தில் பொட்டாசியம் உப்புக் குறைவதும், மார்பின் போன்ற வலிநீக்கி மருந்துகளும் காரணமாகலாம். நீரிழிவும் நாளடைவில் குடலியக்கத்தைக் கெடுப்பதுண்டு.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, உண்மையான அடைப்பு இல்லையென முதலில் உறுதிசெய்வர். பின்னர் வாய்வழி உணவை நிறுத்தி, இரத்தக் குழாய் வழியே நீரேற்றி, உப்புக் குறைவைச் சரிசெய்து, குழாய் வைத்துக் காற்றை வெளியேற்றுவர். பலருக்கு இதுவே போதும். குணம் காணாவிடில், இதயத் துடிப்பைக் கண்காணித்தவாறே நியோஸ்டிக்மின் ஊசி போடுவர். பெருங்குடலின் தொடக்கப் பகுதி 12 செண்டிமீட்டருக்கு மேல் விரிந்தால் கிழியும் அபாயம் மிகுதி. கிழிந்தால் அறுவையே வழி.

ஆகவே, வயிறு உப்பி வலியும் வாந்தியும் கண்டால், பேதி மருந்தைத் தேடாதிருப்போம். காற்றுப் பிரிகிறதே என்று தாமதிக்கவும் வேண்டாம். இந்நோயில் சிலருக்குக் காற்றுப் பிரிவதுண்டு. நோயாளியை, அவர் உட்கொள்ளும் மருந்துகளோடு, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம்.