பேய் கேட்கும் கணக்கு

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் உட்கார்ந்து என்னைப் பயமுறுத்திக்கொண்டிருக்கும் நண்பர்களே! பேய்த் தலைப்பு என்று தெரிந்தும் விளக்கை அணைக்காமல் வைத்திருக்கிற விழாக் குழுவினரே! (சிரிப்பு)

“அமெரிக்கப் பேய்க் கதைகளில் விஞ்சி நிற்பது பயமே” என்று எதிரணித் தம்பி பேசிட்டுப் போனார். ராத்திரி, காத்து, கதவுச் சத்தம்னு அவர் அடுக்கினப்போ எனக்கே கொஞ்சம் உதறல்தான். ஆனா தம்பி ஒண்ணை விட்டுட்டார். அந்தப் பேய் எதுக்கு வந்ததுன்னு அவர் கேக்கவே இல்லையே! பழி இருக்கு, அதனால பேய் வருது. இதுதான் எங்கள் கட்சி.

தம்பி சொன்ன கதைக்கே வர்றேன். 1820-இல் வாஷிங்டன் இர்விங் எழுதிய ‘ஸ்லீப்பி ஹாலோ’. தலையில்லாத ஒருத்தன் குதிரையில துரத்துறான். இக்கபாட் கிரேன்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அலறிக்கிட்டு ஓடுறார். மறுநாள் பார்த்தா வாத்தியாரைக் காணோம். அவர் தொப்பி கிடக்கு, பக்கத்துல உடைஞ்ச பூசணிக்காய் கிடக்கு! (சிரிப்பு) அவர் ஆசைப்பட்ட பொண்ணுக்குப் போட்டியா நின்ன வாலிபன் செஞ்ச வேலையோன்னு சிலருக்குச் சந்தேகம். சரி, சிரிச்சாச்சு. ஆனா அந்தத் தலையில்லாதவன் யாருன்னு ஊர் சொல்லுது? அமெரிக்க விடுதலைப் போரில் பீரங்கிக் குண்டுக்குத் தலையைக் கொடுத்த ஹெஸ்ஸியன் சிப்பாய். ஆங்கிலேயருக்காகச் சண்டை போட ஜெர்மனியிலிருந்து கூலிப்படையாக வந்தவன். அவனுடையதே இல்லாத சண்டையில் செத்தவன், இன்னும் தலையைத் தேடுறான்யா!

அடுத்து நத்தானியேல் ஹாதார்ன். 1692-இல் சேலம் ஊரில் சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். விசாரித்த நீதிபதிகளில் ஒருவர் ஜான் ஹாதார்ன். யாரு? இந்த எழுத்தாளருடைய மூதாதை! பேரன் 1851-இல் ‘ஏழு முகட்டு வீடு’ என்று ஒரு நாவல் எழுதுறார். ஒரு கர்னலுக்கு ஏழை ஒருத்தன் நிலத்து மேல கண்ணு. அந்த ஏழை சூனியக்காரன்னு தூக்கில் தொங்குறான். அதே மண்ணுல கர்னல் மாளிகை கட்டுறார். புதுமனை புகுவிழா அன்னிக்கே நாற்காலியில் செத்துக் கிடக்கிறார். தாத்தா எழுதின தீர்ப்புக்குப் பேரன் எழுதின மேல்முறையீடு அய்யா அது! (கைதட்டல்)

சினிமாவுக்கு வாங்க. 1982-இல் ‘போல்டர்கைஸ்ட்’. அழகான புது வீடு, ஆனா பேய் ஆட்டம் தாங்கலை. காரணம்? மயானத்து மேல மனை போட்டவங்க கல்லறைக் கல்லை மட்டும் இடம் மாத்திட்டு, பிணத்தையெல்லாம் அப்படியே விட்டுட்டாங்க! அங்கே பேய் சாபம் கொடுக்க வரலை. இடத்தைக் கேக்க வந்திருக்கு. (சிரிப்பு)

கடைசியா ஒண்ணு. இதைச் சிரிக்காமக் கேளுங்க. 1856-இல் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண், கென்டக்கியிலிருந்து உறைந்து கிடந்த ஒஹாயோ ஆற்றைக் கடந்து, பிள்ளைகளோடு தப்பி வந்தாள். பிடிக்க வந்துட்டாங்க. ‘என் குழந்தை மறுபடி அடிமையாகக் கூடாது’ என்று இரண்டு வயது மகளைத் தன் கையாலேயே கொன்றாள். அவளைக் கொலைகாரி என்று விசாரிப்பதா, எஜமானனின் சொத்து என்று திருப்பி அனுப்புவதா என்று வழக்காடினார்கள். சொத்து என்றே திருப்பி அனுப்பினார்கள்.

அந்தச் செய்தியிலிருந்து பிறந்ததுதான் 1987-இல் டோனி மோரிசன் எழுதிய ‘பிலவ்ட்’. அதில் செத்த மகள் தாயைத் தேடி வருகிறாள். தாய் அவளைப் பார்த்து ஓடலை, நடுவர் அவர்களே! சோறு போடுறா. பயம்தான் விஞ்சி நிற்கிறது என்றால், அந்தத் தாய் ஏன் ஓடவில்லை? எதிரணி பதில் சொல்லட்டும்!

விளக்கைப் போட்டா பயம் போயிடும். பழி போகாது, பகல்லேயும் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கும். அதனால், அமெரிக்கப் பேய்க் கதைகளில் விஞ்சி நிற்பது பழியே என்று தீர்ப்புச் சொல்லுங்கள். மாற்றிச் சொன்னால், ராத்திரி நீங்க தனியாத்தான் ஊருக்குப் போகணும் என்பதை நினைவூட்டி அமர்கிறேன். (சிரிப்பு, கைதட்டல்)