மலச்சிக்கலும் பேதி மருந்தும்

 

வெள்ளி விழா மேடையில் மலச்சிக்கலைப் பற்றியா பேசுவது என்று சிலர் எண்ணலாம். பிறர் கழிவை அகற்றும் வேலையைப் பிறப்பின் பெயரால் நம்மவர் தலையில் சுமத்திய சமுதாயமே, அதைப் பற்றிப் பேசுவது இழிவென்றும் கற்பித்தது. அந்த வெட்கத்தை நாம் சுமக்க வேண்டியதில்லை. உடலை அறிவதும் கல்வியே.

வாரத்தில் மூன்று முறைக்கும் குறைவாகக் கழிவதும், மலம் இறுகி முக்கித் துன்புறுவதும் மலச்சிக்கலாகும். நாள்தோறும் கழிந்தே தீரவேண்டும் என்னும் கட்டாயமில்லை. கழிப்பறை சரியில்லாததால் தண்ணீர் குடியாமல் மாலைவரை அடக்கும் மாணவியரையும், இருட்டும்வரை காத்திருக்கும் தாய்மார்களையும் நாம் அறிவோம். அடக்க அடக்க, பெருங்குடல் மலத்தின் நீரை உறிஞ்சிக்கொள்ள, மலம் கெட்டிப்படுகிறது. சோகைக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையாலும் சிக்கல் வரலாம். அதற்காக அம்மாத்திரையை நாமாக நிறுத்தலாகாது.

முதல் மருந்து தண்ணீர், கீரை, பழம், கேழ்வரகு, நடை ஆகியவையே. இவை போதாதபோது இசப்கோல் உமியை உண்ணலாம். ஒரு தம்ளர் நிறையத் தண்ணீருடன் உண்ணாவிடில், அது தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளும். லாக்டுலோஸ் பாகு பயன் தர இரண்டு நாள் ஆகலாம். அதற்குள் அவசரப்பட்டு அளவைக் கூட்டலாகாது.

நிலாவரையும் பைசகோடில் மாத்திரையும் குடலைத் தூண்டுபவை. இரவில் உண்டால் 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். உலகச் சந்தையில் திருநெல்வேலியின் பெயராலேயே விற்கப்படும் நிலாவரை மூலிகைதான். எனினும் அளவு மீறினால் வயிறு முறுக்கி, நீராய்ப் போகும். உடலின் உப்புச்சத்தும் குறையும். பைசகோடிலை உடைக்காமல் விழுங்க வேண்டும், பாலுடன் உண்ணலாகாது. மருத்துவர் சொல்லாமல் எந்தப் பேதி மருந்தையும் ஒரு வாரத்திற்கு மேல் தொடரலாகாது.

மாதந்தோறும் பேதிக்குக் கொடுத்து வயிற்றைக் கழுவும் வழக்கத்திற்கு மருத்துவத்தில் இடமில்லை. குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் மருத்துவரைக் கேளாமல் எதுவும் கொடுக்காதீர்கள், விளக்கெண்ணெயும் அப்படியே. சிறுநீரக நோயாளிகள் மக்னீசியம் கலந்த பேதி மருந்தைத் தாமாக உண்ணலாகாது. கடும் வயிற்றுவலியும் வாந்தியும் இருந்தால் பேதி மருந்து ஆபத்து. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மலத்தில் இரத்தம், உடல் மெலிவு, நெடுநாள் பழக்கத்தில் திடீர் மாறுதல் ஆகியவற்றைக் கண்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இளைஞர்களே, எழுத்தறியா நம் முதியோர் கடைக்காரர் தந்ததை அப்படியே விழுங்குகின்றனர். அந்த உறையிலுள்ள அளவையும் எச்சரிக்கையையும் படித்துச் சொல்வது உங்கள் கடமை. அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று மகத் குளத்து நீரை அள்ளிப் பருகியது, தண்ணீர் நம் உரிமை என்று நிலைநாட்டவே. நம் தெருவிற்குக் குடிநீரும், நம் பெண்மக்களுக்குத் தூய கழிப்பறையும் கேட்டுப் பெறுவதும் அவ்வுரிமையின் தொடர்ச்சியே. அவை கிடைத்தால் பேதி மாத்திரையின் தேவை பெரிதும் குறையும்.