உப்பு விளைச்சலும் வரிக் கணக்கும்



வேளாண்மை வருமானத்திற்கு வருமான வரி இல்லை என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் வேப்பலோடையிலும் முள்ளக்காட்டிலும் ஆறுமுகநேரியிலும் பாத்தி கட்டுவோர், "நாங்களும் நிலத்தில்தானே விளைவிக்கிறோம்?" என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. உப்பு "விளைகிறது" என்றுதான் நாமும் பேசுகிறோம். ஆனால் சட்டத்தின் நோக்கு வேறு. மண்ணைப் பண்படுத்திப் பயிரிட்டுப் பெறுவதே வேளாண்மை வருமானம். உப்புநீரைத் தேக்கிக் காயவைத்து வாரும் உப்பு, தொழில் வருமானத்தில் சேரும். மீன்பிடி வருமானமும் அத்தகையதே.

ஆகவே, ஏரல் பக்கம் வாழைத்தோட்டமும் கடற்கரையில் அளமும் உடையவர் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்தல் வேண்டும். பிற வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டி, வேளாண்மை வருமானமும் 5,000 ரூபாயை மிஞ்சினால், வரி விகிதத்தைக் கணிப்பதற்கு அதுவும் சேர்த்து எண்ணப்படும்.

ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய்க்கு உட்பட்ட சிறு தொழிலர், மொத்த வரவில் 8 விழுக்காட்டை லாபமாகக் காட்டினால் போதும். வங்கி வழி வந்த வரவுக்கு 6 விழுக்காடு. விரிவான கணக்குப் புத்தகம் வேண்டியதில்லை. இது நல்ல ஏற்பாடு. ஆனால் இதை நம்பிச் சீட்டுகளை எறிந்துவிடுவோர் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை போன்றதொன்று அம்பாரத்தைக் கரைத்துவிட்டால், அவ்வாண்டு லாபம் குறைவு அல்லது நட்டம் என்று காட்டவேண்டி வரும். அப்போது கூலிப் பட்டியல், லாரி வாடகை, டீசல் ரசீது, குத்தகைச் சீட்டு ஆகிய யாவும் கேட்கப்படும்.

மற்றொரு தொல்லையும் உண்டு. மூவர் கூட்டாக அளம் நடத்துவர். உப்பு விற்ற பணம் முழுவதும் ஒருவர் வங்கிக் கணக்கில் விழும். அவர் மற்ற இருவருக்கும் ரொக்கமாகப் பங்கு கொடுத்துவிடுவார். உறவுக்காரரிடம் கையெழுத்துக் கேட்பதா என்று கூச்சம். பின்னர் முழுத்தொகையும் அவருடைய வரவாகவே தோன்றும். பங்கை வங்கி வழியே அனுப்புவது நலம். ரொக்கமாயின் கையெழுத்து அவசியம். கூச்சப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை.

1961ஆம் ஆண்டோடு நின்றுபோன நம் முத்துக்குளிப்பில், மாலையில் கரை சேர்ந்த சிப்பிகளைக் கொட்டில் மூன்று குவியலாகப் பிரிப்பது பழைய வழக்கம். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. சர்க்கார் பங்கை எண்ணி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஏலம் விடுவர். முத்து இருக்கிறதா என்று தெரியுமுன்பே கணக்கு முடிந்துவிடும்!

எடைமேடையில் தரும் வழவழப்பான சீட்டின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். பெற்ற அன்றே தேதி, எடை, விலை, வாங்கியவர் பெயர் ஆகியவற்றை நோட்டில் எழுதி, சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்து வைக்கலாம். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓர் உறை. மாதத்திற்கு ஒரு கட்டு. வீட்டுவரி, குடிநீர்க் கட்டண ரசீதுகள் வேறு உறையில் இருக்கட்டும். ஏழெட்டு ஆண்டு உறைகளைத் தகரப் பெட்டியில் இட்டுப் பரண்மேல் வையுங்கள். வெள்ளத்தில் கட்டிலுக்கடியில் இருந்த காகிதங்களே முதலில் நனைந்தன.