ஏற்காட்டு மழை எந்தக் கடலுக்கு?

சேலத்துப் பிள்ளைகளிடம் "நம்ம ஊர் ஆறு எது?" என்று கேட்டுப் பாருங்கள். காவிரி என்பார்கள். திருமணிமுத்தாறு என்றால், "அந்தச் சாக்கடையா சார்?" என்பார்கள்.

அந்தச் சாக்கடைதான் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பிறந்து, ஊருக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டம் கடந்து, நஞ்சை இடையாற்றில் காவிரியோடு சேர்கிறது. மலையின் மேற்கே விழும் மழை, சரபங்காவாகி ஓமலூர், எடப்பாடி வழியே அதே காவிரிக்குப் போகிறது. வடகிழக்கே விழுந்தால் கதையே வேறு. வாணியாறாகித் தென்பெண்ணையில் கலந்துவிடும். ஒரே மேகத்தின் இரண்டு துளிகள்: ஒன்று பூம்புகாருக்கு, இன்னொன்று கடலூருக்கு!

இதை விளக்கப் படம் வேண்டாம். பள்ளி மைதானத்தில் ஒரு மண்மேடு, ஒரு சொம்புத் தண்ணீர் போதும். எந்தப் பக்கம் ஊற்றினால் எங்கே ஓடுகிறது என்று பிள்ளைகளே சண்டை போட்டுக் கண்டுபிடிப்பார்கள்.

பிறகு கண்ணங்குறிச்சி மூக்கனேரிக்குக் கூட்டிப்போங்கள். 2010-இல் சேலம் மக்கள் குழு முன்னின்று தூர்வாரிய ஏரி அது. அள்ளிய மண்ணை வெளியே கொட்டாமல், ஏரிக்குள்ளேயே திட்டுகளாக்கி மரம் நட்டார்கள். பறவைகள் வந்து உட்கார்ந்தன.

ஏரிக்கு நீர் வரும் வாய்க்காலைப் பிடித்து மலைப்பக்கம் பிள்ளைகளை நடக்கச் சொல்லுங்கள். வழியில் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளை அவர்களே எண்ணிக்கொள்வார்கள்.