விதைப்பது நாம், கடன் வாங்கித் தின்பதும் நாமா?

(ஒன்றியக் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் ஆற்றுத் தண்ணீர், உரம், கொள்முதல் நிலையம் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு அடுப்படியைப் பற்றிப் பேசப் போகிறேன். "செயலாளர் சமையல் குறிப்பு சொல்ல வந்துட்டாரா"ன்னு யாரும் சிரிக்க வேண்டாம். நம் சங்கத்தில் உறுப்பினராக இருக்கிற ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் குடும்பம் எல்லாவற்றுக்கும் மளிகைக் கடையில் ஒரு நோட்டு இருக்கிறது. அந்த நோட்டுதான் இன்றைக்குப் பேச்சு.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். புருஷன், பெண்டாட்டி, வயசான அம்மா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ரெண்டு. வயல் வேலை பார்க்கிற உடம்பு, சோறு அதிகம் கேட்கும். நாளைக்கு ஒன்றரை கிலோ அரிசி, மாதம் 45 கிலோ. ரேஷனில் 20 கிலோ விலையில்லா அரிசி கிடைக்கிறது. 2011லிருந்து வருகிற அந்த அரிசி இல்லையென்றால் பல வீட்டில் உலை வைக்க முடியாது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 20 கிலோ பதிமூன்று நாளைக்குத்தான். மீதி 25 கிலோவைக் கடையில் வாங்கினால் கிலோ 50 என்று வைத்தாலும் 1,250 ரூபாய்.

ரேஷன் துவரம்பருப்பு ஒரு கிலோ 30, பாமாயில் 25, சர்க்கரை ரெண்டு கிலோ 50. ஆக 105. இன்னொரு லிட்டர் எண்ணெய் வெளியில் 150. காய்கறி, வெங்காயம், தக்காளி நாளைக்கு 40 வீதம் 1,200. டீத்தண்ணிக்குப் பால் 750. ஞாயிற்றுக்கிழமை மீனோ முட்டையோ, வாரம் 150 என்றால் 600. மிளகாய், மல்லி, புளி, உப்பு 400. இட்லிக்கு உளுந்து ரெண்டு கிலோ 260. கூட்டிப் பாருங்கள், 4,715 ரூபாய். கேஸ் சிலிண்டர் தனி.

இதை அஞ்சு பேருக்கும் முப்பது நாளைக்கும் வகுத்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 31 ரூபாய் சொச்சம். டவுன் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிச்சு ரெண்டு வடை தின்னா அந்தக் காசு முடிஞ்சு போச்சு. அந்த 31 ரூபாயில்தான் நம் தாய்மார்கள் மூணு வேளையும் ஓட்டுகிறார்கள். நாட்டின் நிதியமைச்சரை ஒரே ஒரு மாதம் இந்த நோட்டை எழுதச் சொல்லிப் பார்க்கலாம்.

இந்த 4,715 ரூபாயும் கையில் இருந்தால் கூடப் பரவாயில்லை. அறுவடைக்கும் அறுவடைக்கும் நடுவில் நமக்கு வரும்படி எது? 100 நாள் வேலைக்கு 2025-26ல் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 336 ரூபாய். நூறு நாளும் வேலை கொடுத்து முழுக்கூலியும் போட்டால்கூட மாதத்துக்கு 2,800தான் விழும். நூறு நாள் யாருக்குக் கிடைத்தது? 2025 ஆரம்பத்தில் செய்த வேலைக்கே மாதக்கணக்கில் கூலி வராமல் கிடந்தது. அப்புறம் டிசம்பரில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தார்கள்.

பற்றாக்குறையில் முதலில் வெட்டு விழுவது எதில்? குழுக்கடன் தவணையில் விழாது, அந்தத் தம்பி வாரம் தவறாமல் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். பஸ் காசில் விழாது. பருப்பில் விழும், பாலில் விழும், முட்டையில் விழும். அதுவும் எல்லார் தட்டிலும் விழாது. கடைசியாகச் சாப்பிடுகிறவள் தட்டில்தான் விழும். குழம்பை அவருக்கும் பிள்ளைகளுக்கும் ஊற்றிவிட்டு, அடிச்சட்டியில் ஒட்டினதை வழித்துச் சாப்பிடுகிற அம்மாக்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தச்சோகை. நடவு நடுகிற கையில் ரத்தம் இல்லை!

பிள்ளைகளுக்கு மத்தியானம் சத்துணவு இருக்கிறது, முட்டையோடு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். நல்லதை நல்லது என்று சொல்வோம். ஆனால் சனி, ஞாயிறும் கோடை லீவும் பிள்ளைக்கு வயிறு இருக்கிறதே!

இனி நம்ம பக்கத்து விஷயத்துக்கு வருகிறேன்.

நம் தாலுகாவில் சம்பா அறுப்புக்கு முன்னால் ஈரப்பதத்தில் உளுந்தும் பயறும் தெளிக்கிறோம். தை, மாசிப் பனியில் விளைகிற பயிர். தண்ணீர் செலவு கிடையாது, பெரிய உரச்செலவு கிடையாது. ஏக்கருக்கு ரெண்டு குவிண்டால், நல்லா வந்தா மூணு. களத்து மேட்டிலேயே வியாபாரி சாக்கோடு நிற்கிறான். மொத்தத்தையும் அளந்து போட்டுவிட்டுச் சித்திரையில் அதே உளுந்தைத் தோல் நீக்கினதாக கிலோ 130க்குக் கடையில் கடன் சொல்லி வாங்குகிறோம். இது எந்த ஊர் நியாயம்?

"வச்சுக்கத்தான் ஆசை, நகைக்கடன் கெடு வந்துருச்சே"ன்னு சொல்வீர்கள். உண்மைதான். 2025-26ல் உளுந்துக்கு ஆதார விலை குவிண்டால் 7,800. நம்மில் எத்தனை பேர் கைக்கு 78 ரூபாய் வந்தது? மையம் திறக்கிற நேரத்தில் சரக்கு வியாபாரி குடோனில் இருக்கிறது. மாசியிலேயே மையம் திறந்து, போட்ட வாரமே பணம் ஏறினால், ஒரு சாக்கை வீட்டில் நிறுத்திவைக்க எவனுக்கும் தைரியம் வரும்.

அதுவரைக்கும் நம்மால் ஆனதைச் செய்வோம். மாதம் ரெண்டு கிலோ என்றால் வருஷத்துக்கு 24 கிலோ பருப்பு. தோலும் நொய்யும் போக, முழு உளுந்து முப்பது முப்பத்தஞ்சு கிலோ ஒதுக்கினால் போதும். நல்ல வெயிலில் மூணு நாள் காயவைத்து, பல்லில் கடித்தால் டக்கென்று உடைகிற பதம் வரணும். வண்டுக்குப் பயந்து விற்கிறோம் என்பவர்கள் திருகையில் உடைத்து வையுங்கள், உடைத்த பருப்பில் வண்டு அவ்வளவாக ஏறாது. தோலோடு அரைத்தால் இட்லி கொஞ்சம் கருக்கும், அவ்வளவுதான். நம்ம ஆத்தாக்கள் அப்படித்தான் கருப்பு உளுந்தில் களி கிண்டி, வயசுக்கு வந்த பெண்ணுக்குக் கொடுத்தார்கள்.

நெல்லும் இப்படித்தான். மெஷின் அறுக்குது, டிராக்டர் நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போகுது. சாப்பாட்டு நெல் என்று நாலு மூட்டை வீட்டில் இறக்குகிற பழக்கமே விட்டுப்போச்சு. அவிக்க இடமில்லை, ஆளில்லை என்கிறார்கள். சேர்ந்து அவித்தால் நாலு வீட்டுக்கு ஒரு அண்டா போதும். 60 கிலோ மூட்டை அரைத்தால் 38 கிலோ பக்கம் அரிசி கிடைக்கும். அந்த 25 கிலோ பள்ளத்தை அதில்தான் அடைக்க முடியும். மெஷின் சக்கரம் ஓடினால் தெளித்த உளுந்து நசுங்குகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வரப்போரம் கொஞ்சமாவது கையறுப்பு அறுத்தால் வீட்டு உளுந்து தப்பும்.

கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு அகத்தி இருந்தால் வாரத்தில் மூணு நாள் காய்ச் செலவு குறையும். வயல் நண்டும் நத்தையும் கெண்டையும் காசில்லாமல் கிடைத்த காலம் இருந்தது. அடிக்கிற மருந்தில் அதெல்லாம் குறைந்துபோனது பெரிய பேச்சு, அதற்குத் தனிக் கூட்டமே போடணும். இன்னொன்று, ஆம்பளைகள் கோபிக்கக் கூடாது. ஒரு குவார்ட்டர் காசில் இருபது முட்டை வாங்கலாம். அவ்வளவுதான் சொல்வேன், மீதியை வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் சிக்கனம் பண்ணியே இந்தப் பள்ளம் அடைபடாது. 31 ரூபாயில் இன்னும் எதைச் சிக்கனம் பண்ணுவது? அதனால்தான் அரசிடம் கேட்கிறோம். சிறப்புப் பொது விநியோகத்தில் கொடுத்துவந்த உளுந்தை 2017ல் நிறுத்தினார்கள். அதைத் திரும்பக் கொடு! நம் வயல் உளுந்தை ஆதார விலைக்கு வாங்கி நம் ரேஷன் கடையிலேயே போடு! கப்பலில் வருகிற பாமாயிலோடு நம் நாட்டுக் கடலெண்ணெய், தேங்காயெண்ணெயையும் கொடு! 2023ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதில் ரெண்டு கிலோ கேழ்வரகு கொடுத்தார்களே, கேட்கிற ஊருக்கெல்லாம் கொடு!

வருகிற விவசாயிகள் குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம். பெண்கள் அவசியம் வரணும், அடுப்புக் கணக்கு அவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு வீடும் மளிகைக்கடை நோட்டைக் கையோடு எடுத்து வாங்க. கடைக்காரர் பெயரை மறைத்துவிட்டுக் கடைசி மூணு மாதப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு இணைப்போம். காலி உளுந்து டப்பா ஒன்றும் கொண்டு வாங்க, மேஜை மேல் வைக்கணும். வண்டி காலை எட்டு மணிக்குப் பிள்ளையார் கோவில் முக்கில் நிற்கும். சாப்பாட்டுக்குச் சங்கத்தில் காசில்லை, அவரவர் கட்டுச்சோறு.